செவி அறியும் உயிரொலிகள்

முன்னுரை

ஆறு, ஈறு, ஊறு, ஏறு ஆகிய நான்கு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். நான்கிலும் இறுதியில் நிற்பது 'று' என்னும் எழுத்தே. வேறுபாடு முதலில் நிற்கும் உயிரில் மட்டுமே உள்ளது. அவ்வோர் ஒலி மாறியவுடன், நீர் ஓடும் ஆறு பல்லைத் தாங்கும் ஈறாகிறது; ஈறு துன்பம் தரும் ஊறாகிறது; ஊறு உழவனின் ஏறாகிறது. சொல்வோர் வாயில் நிகழும் மாற்றத்தைச் சொல்வோர் உணர்வர். ஆனால் கேட்போர் செவியைச் சென்று சேர்வது காற்றின் அதிர்வு ஒன்றே. அவ்வதிர்வில் எந்த அடையாளத்தைக் கொண்டு செவி, 'இது ஈ, இது ஊ' என்று தீர்ப்புச் சொல்கிறது?

வினா எளியது, விடை அத்துணை எளிதன்று. ஒரே வீட்டில் தந்தையும் தாயும் சிறு குழந்தையும் 'ஈ' என்று சொன்னால், கருவி அவற்றை மூன்று வெவ்வேறு ஒலிகளாகவே அளந்து காட்டும். செவியோ மூன்றையும் ஒரே 'ஈ' என ஏற்றுக்கொள்ளும். கருவி வேறென்பதைச் செவி ஒன்றென்பது எங்ஙனம்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணத்தார் கண்ட பிறப்பு

உயிரொலிகளின் பிறப்பைத் தொல்காப்பியர் பிறப்பியலில் மூவகையாகப் பகுத்துள்ளார். அகரமும் ஆகாரமும் வாயைத் திறக்கும் முயற்சியால் பிறக்கும். இ, ஈ, எ, ஏ, ஐ என்னும் ஐந்தும் அத்திறப்போடு நாவின் விளிம்பு மேற்பல்லைப் பொருந்தப் பிறக்கும். உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் ஐந்தும் இதழ் குவியப் பிறக்கும். வாய்த் திறப்பு, நாவின் நிலை, இதழின் குவிவு ஆகிய இம்மூன்றையுமே இன்றைய ஒலியியல் நூல்களும் உயிர்களைப் பகுக்கும் அளவுகோல்களாகக் கொள்கின்றன.

எனினும் இது சொல்வோர் பக்கத்து விளக்கம். இருட்டில் கூப்பிடும் குரலிலும், வானொலிச் செய்தியிலும், தொலைபேசியிலும் நாவையோ இதழையோ நாம் காண்பதில்லை. ஆயினும் உயிர்களைப் பிரித்தறிகிறோம். ஆகவே, வாயின் வடிவம் காற்றில் ஏதோ ஒரு முத்திரையைப் பதித்து அனுப்புகிறது என்பது பெறப்படும். அம்முத்திரை யாது என்பதை இனிக் காண்போம்.

சுருதி உயிரன்று

நுரையீரலிலிருந்து எழும் காற்று குரல்வளையில் உள்ள குரல்நாண்களை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வு விநாடிக்கு எத்தனை முறை நிகழ்கிறதோ அதுவே குரலின் அடிப்படை அதிர்வெண். ஆடவர் பேச்சில் இது பெரும்பாலும் 100 முதல் 150 வரை இருக்கும். பெண்டிர் பேச்சில் 200-ஐக் கடக்கும். குழந்தைகள் குரலில் அதனினும் மிகும். சுருதி என நாம் சொல்வது இதனைப் பொறுத்தது.

சுருதிதான் உயிரை வேறுபடுத்துகிறதோ எனில், அன்று. இசை பயில்வோர் அகார சாதகம் செய்யும்போது, 'ஆ' என்னும் ஓர் உயிரையே கீழ் ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமம் வரை ஏற்றி இறக்குகின்றனர். சுரம் ஏழும் மாறுகின்றன, உயிர் மாறுவதில்லை. மாறாக, ஒரே சுரத்தில் நின்றுகொண்டு ஆ, ஈ, ஊ என மாற்றியும் பாடலாம். இரகசியம் பேசும்போது குரல்நாண்கள் அதிர்வதே இல்லை. அப்போதும் உயிர்கள் தெளிவாகக் கேட்கின்றன. ஒலியின் உரப்பும் உயிரை முடிவு செய்வதன்று. மெல்லச் சொன்னாலும் உரக்கச் சொன்னாலும் 'ஈ' என்பது 'ஈ'தான்.

எஞ்சி நிற்பது ஒலியின் தரம். வீணையும் நாதஸ்வரமும் ஒரே சுரத்தை ஒலித்தாலும் வெவ்வேறாகக் கேட்பதற்குக் காரணமான அப்பண்பே உயிர்களையும் வேறுபடுத்துகிறது.

வாய் என்னும் குழல்

குழாயடியில் குடத்தில் நீர் நிறையும்போது எழும் ஓசையை நாம் அறிவோம். நீர் ஏற ஏற, குடத்தினுள் இருக்கும் காற்றிடம் குறைகிறது, ஓசை மேலேறுகிறது. குடம் நிறையப்போவதைப் பாராமலே காதால் அறிந்து குழாயை மூடுகிறோம். காற்றடைந்த ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கே உரிய ஒத்ததிர்வு உண்டு. இடம் சிறுத்தால் ஒத்ததிர்வின் அதிர்வெண் உயரும் என்பதே இதன் உட்பொருள்.

நம் தொண்டையும் வாயும் சேர்ந்த குழல் இத்தகையதே. குரல்நாண்கள் எழுப்பும் ஒலியில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு எனப் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். இவற்றுள் எவை வாய்க்குழலின் ஒத்ததிர்வுக்கு அருகில் அமைகின்றனவோ, அவை வலுப்பெற்று வெளிவரும், ஏனையவை மெலிந்துவிடும். இவ்வாறு வலுப்பெற்றுத் திரண்டு நிற்கும் பகுதிகளை ஒலியியலார் ஃபார்மன்ட் என்பர். இக்கட்டுரையில் 'செறிவு' எனக் குறிப்போம். கீழிருந்து மேலாக முதற் செறிவு, இரண்டாம் செறிவு, மூன்றாம் செறிவு என எண்ணுவது மரபு.

வளர்ந்த ஆடவர் ஒருவரின் வாய்க்குழல் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளமுடையது. ஒருமுனை மூடிய அந்நீளக் குழாயின் ஒத்ததிர்வுகள் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அளவில் அமையும். இயற்பியல் ஆய்வகத்தில் நீரை ஏற்றி இறக்கும் கண்ணாடிக் குழாயின் வாயில் இசைக்கவையைப் பிடித்துச் சோதனை செய்தோர் இக்கணக்கை எளிதில் போட்டுப் பார்க்கலாம். நாவும் இதழும் தாடையும் அக்குழாயின் வடிவத்தை மாற்ற, இந்த எண்கள் மேலும் கீழும் நகர்கின்றன.

நகர்வில் ஓர் ஒழுங்கு உண்டு. வாய் அகலத் திறந்தால் முதற் செறிவு உயரும், ஒடுங்கினால் தாழும். நா முன்னோக்கி எழுந்தால் இரண்டாம் செறிவு உயரும். பின்வாங்கி இதழும் குவிந்தால் தாழும். இதனைக் கருவியின்றியே சோதிக்கலாம். ஊ, ஓ, ஆ, ஏ, ஈ என்னும் வரிசையில் ஐந்தையும் இரகசியக் குரலில் சொல்லிப் பாருங்கள். குரல்நாண் அதிராதபோதும், ஏதோ ஒன்று படிப்படியாக மேலேறுவதைக் கேட்பீர்கள். அது பெரும்பாலும் இரண்டாம் செறிவே.

இவ்வகையில் தொல்காப்பியர் சொன்ன வாய்த் திறப்பு முதற் செறிவிலும், நாவின் நிலையும் இதழ்க் குவிவும் இரண்டாம் செறிவிலும் தம் முத்திரையைப் பதிக்கின்றன எனலாம். குற்றியலுகரத்தை ஒலிக்கும்போது இதழ் குவிவதில்லை. 'உப்பு' என்னும் சொல்லின் முதல் உகரமும் ஈற்று உகரமும் செவிக்கு வேறாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கருவி காட்டிய அளவுகள்

செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், இசையொலி பற்றி 1863-இல் வெளியிட்ட நூலில், உள்ளீடற்ற கோளங்களைக் காதில் பொருத்தி உயிர்களின் ஒத்ததிர்வுகளை ஆராய்ந்த முறையை விளக்கினார். 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 'ஸ்பெக்ட்ரோகிராப்' என்னும் ஒலி வரைகருவியைச் சமைத்தனர். பேச்சின் செறிவுகளைத் தாளில் கரும்பட்டைகளாகக் காண இது வழி செய்தது.

இக்கருவியைக் கொண்டு பீட்டர்சன், பார்னி என்னும் இருவர் 1952-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். ஆடவர் 33 பேர், பெண்டிர் 28 பேர், குழந்தைகள் 15 பேர் என மொத்தம் 76 பேர், பத்து ஆங்கில உயிர்களைக் கொண்ட பத்துச் சொற்களை இருமுறை சொன்னார்கள். இவ்வாறு கிடைத்த 1520 ஒலிப்பதிவுகளை 70 பேர் கேட்டு, இன்ன சொல் எனக் குறித்தனர். அவ்வாய்வின் சராசரி அளவுகளுள், நம் ஈ, ஆ, ஊ ஆகியவற்றை ஒத்த மூன்று உயிர்களுக்கு உரியவை வருமாறு. முதலில் உள்ளது முதற் செறிவு, அடுத்தது இரண்டாம் செறிவு, எல்லாம் ஹெர்ட்ஸில்.

ஆடவர்: ஈ 270, 2290, ஆ 730, 1090, ஊ 300, 870.
பெண்டிர்: ஈ 310, 2790, ஆ 850, 1220, ஊ 370, 950.
குழந்தைகள்: ஈ 370, 3200, ஆ 1030, 1370, ஊ 430, 1170.

இவை அமெரிக்க ஆங்கிலத்தின் அளவுகள். தமிழ் உயிர்களின் எண்கள் அப்படியே இவையாக இரா. ஆயினும் ஈ, ஆ, ஊ மூன்றுக்கும் இடையிலான உறவு இத்தகையதே.

இப்பட்டியலில் வியப்புக்குரிய ஒன்று உண்டு. குழந்தையின் 'ஊ'வுக்கு இரண்டாம் செறிவு 1170. ஆடவரின் 'ஆ'வுக்கு அது 1090. இரண்டாம் செறிவு 1100 அளவில் உள்ளது என்று மட்டும் சொன்னால், அது ஆடவரின் 'ஆ'வாகவும் இருக்கலாம். குழந்தையின் 'ஊ'வாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் நம்பும் செவி ஏமாந்து போகும். ஆனால் அந்த 70 பேர், பல குரல்கள் கலந்து ஒலித்தபோதும், நூற்றுக்கு 94 அளவில் சரியாகவே குறித்தனர். 'ஈ'யைத் தவறவிட்டோர் அரிதினும் அரிது.

எண்ணன்று, உறவு

அவர்கள் எதனைப் பற்றிக்கொண்டு தீர்ப்பளித்தனர்? முதற் செறிவால் இரண்டாம் செறிவை வகுத்துப் பார்ப்போம். ஈ: ஆடவர்க்கு 8.5, பெண்டிர்க்கு 9.0, குழந்தைகட்கு 8.6. ஊ: முறையே 2.9, 2.6, 2.7. ஆ: முறையே 1.5, 1.4, 1.3. தனித்தனி எண்கள் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் விகிதம் ஒவ்வோர் உயிருக்கும் நெருங்கி நிற்பதைக் காண்கிறோம்.

ஒரு கட்டைச் சுருதியில் ஆடவர் பாடும் மோகனமும், ஐந்து கட்டையில் பெண் பாடும் மோகனமும் ஒன்றே என நாம் அறிகிறோம் அல்லவா? சுரங்களின் அதிர்வெண்கள் வேறு. அவற்றிடையே உள்ள உறவு ஒன்று. உயிரொலியும் அத்தகையதே. குழந்தையின் வாய்க்குழல் குறுகியது. ஆதலின் அதன் செறிவுகள் எல்லாம் சேர்ந்தே உயர்கின்றன.

இத்துடன் சிக்கல் தீர்ந்தது என எண்ணிவிடலாகாது. 'லா காலேஜ்' என்பதன் முதற்சொல்லில் வரும் உயிரை நாம் 'ஆ' என எழுதுகிறோம். ஆங்கிலம் பேசுவோர் பலரின் வாயில் அது 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் இடைப்பட்ட ஒலி. மேற்சொன்ன ஆய்வில் ஆடவர்க்கு அதன் செறிவுகள் 570, 840. வகுத்தால் கிடைப்பது 1.5, 'ஆ'வுக்கும் அதே 1.5. விகிதம் ஒன்றாக இருந்தும் உயிர் வேறு! ஆகவே, விகிதம் மட்டுமே செவியின் அளவுகோல் எனவும் கூற இயலாது. முதற் செறிவின் உயரம், மூன்றாம் செறிவு, சுருதி ஆகியனவும் சான்று சொல்ல வருகின்றன. சுருதி தானே உயிராகாது. ஆயினும் பேசுபவர் ஆடவரா குழந்தையா என்பதைச் சொல்லிச் செவிக்குத் துணை நிற்கிறது.

முன்சென்ற பேச்சும் சான்றே

லடிஃபோகட், பிராட்பென்ட் என்னும் இருவர் 1957-இல் வெளியிட்ட சோதனை இதனை மேலும் தெளிவாக்கும். கருவியால் செயற்கையாக ஆக்கப்பட்ட ஒரு வாக்கியத்தை ஒலிக்கச் செய்து, அதன் பின்னே ஒரு சொல்லை ஒலிக்கச் செய்தனர். வாக்கியம் முழுவதிலும் முதற் செறிவைத் தாழ்த்தி, மற்றொரு வடிவமும் ஆக்கினர். இறுதிச் சொல்லில் அணுவளவும் மாற்றம் இல்லை. முதல் வாக்கியத்தின் பின் கேட்டபோது பெரும்பாலோர் அச்சொல்லைப் 'பிட்' என்றனர். தாழ்த்தப்பட்ட வாக்கியத்தின் பின் கேட்டபோது 'பெட்' என்றனர்.

ஒலி ஒன்று, கேட்ட உயிர் இரண்டு. ஒருவர் பேசத் தொடங்கியதும், செவி அவருடைய வாயின் அளவைக் கணித்துக்கொள்கிறது. பின்வரும் உயிர்களை அவ்வளவில் வைத்தே எடை போடுகிறது. புதியவர் ஒருவரின் பேச்சு முதலிரு வாக்கியங்களில் சற்று மயங்கிப் பின் தெளிவடைவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

காலமும் அசைவும்

தமிழுக்கு இன்றியமையாத மற்றோர் அடையாளம் கால அளவு. படம் - பாடம், எடு - ஏடு, கொடு - கோடு என்பவற்றைப் பிரிப்பது பெரிதும் நீட்டமே. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்றும், மாத்திரையாவது கண் இமைக்கும் அல்லது விரல் நொடிக்கும் பொழுது என்றும் நம் இலக்கணம் வகுத்தது.

இங்கும் உறவே ஆட்சி செய்கிறது. விரைந்து பேசுவோரின் நெடில், நிதானமாகப் பேசுவோரின் குறிலளவு குறுகிவிடக் கூடும். எனினும் நாம் 'பாட'த்தைப் 'பட'மாகக் கேட்பதில்லை. பேச்சின் வேகத்தையும் செவி உடன் அளந்துகொள்கிறது. மாத்திரையை விநாடிக் கணக்கில் சொல்லாமல், ஒன்று, இரண்டு என உறவாகச் சொன்ன முன்னோரின் நுட்பம் ஈண்டு எண்ணத்தக்கது.

அசைவும் ஓர் அடையாளம். 'ஐ' என்னும்போது செறிவுகள் ஓரிடத்தில் நில்லாமல், அகரத்தின் பக்கமிருந்து இகரத்தின் பக்கம் நகர்கின்றன. ஒற்றை உயிர்களிலும், முன்னும் பின்னும் வரும் மெய்களால் சிறு நகர்வுகள் உண்டு. உயிரின் நடுப்பகுதியை அழித்துவிட்டு, தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் ஒலிக்கச் செய்தபோதும், கேட்போர் அவ்வுயிரைப் பெரும்பாலும் சரியாகவே கண்டுகொண்டனர் என்பதை ஸ்டிரேஞ்ச் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 1983-இல் காட்டினர். 1995-இல் ஹில்லன்பிராண்டும் உடன் உழைத்தோரும் 139 பேரைக் கொண்டு பீட்டர்சன் - பார்னி ஆய்வை மீண்டும் செய்து பார்த்து, கால அளவும் செறிவுகளின் நகர்வும் உயிர்களைப் பிரித்தறிய உதவுவதை உறுதி செய்தனர்.

செவி குறைந்தவிடத்து

இவ்வளவும் அறிவதால் பயன் யாது என நண்பர்கள் வினவலாம். பயன் நம் வகுப்பறையிலேயே உள்ளது.

ஆடவரின் ஈ, ஊ இரண்டுக்கும் முதற் செறிவு 270, 300 என்பதை மீண்டும் நோக்குக. வேறுபாடு 30 ஹெர்ட்ஸ் மட்டுமே. இரண்டையும் பிரிப்பது 2290, 870 என நிற்கும் இரண்டாம் செறிவே. முதுமையாலோ, ஓயாத பேரிரைச்சலாலோ, நோயாலோ செவி பழுதுறும்போது பெரும்பாலும் முதலில் குறைவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றல். குறை மிகுந்து 2000 ஹெர்ட்ஸ் பகுதியும் கேளாமற் போனால், 'ஈ'யின் முதற் செறிவு மட்டும் எஞ்சும். அது 'ஊ'வைப் போலவே ஒலிக்கும். ஈறும் ஊறும் ஒன்றாகிவிடும். அத்தகையவர்க்கு ஒலியே கேட்பதில்லை என்பதன்று. ஒலி கேட்கிறது, சொல் பிரியவில்லை. "கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று முதியோர் சொல்வது சாக்கன்று. அது ஒலியியல் உண்மை.

அவர்களிடம் நாம் கத்துகிறோம். கத்தும்போது சுருதி ஏறுகிறது. வாய் அகலத் திறப்பதால் முதற் செறிவும் ஏறுகிறது. அவர்களுக்கு வேண்டிய இரண்டாம் செறிவோ கேளாத பகுதியிலேயே நின்றுவிடுகிறது. உயிர்களின் இயல்பான உறவு குலைவதே கண்ட பலன்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மருத்துவர் கிரேம் கிளார்க்கின் குழுவினர் 1978-இல் பல மின்முனைகள் கொண்ட செவிக் கருவியை உட்காதில் பொருத்தினர். பேச்சு முழுவதையும் அதன் வழியே அனுப்ப அன்று இயலவில்லை. எதை அனுப்புவது, எதை விடுவது என்று தேர்ந்தபோது, சுருதியோடு இரண்டாம் செறிவையே அவர்கள் முதலில் தேர்ந்தனர். முதற் செறிவு பின்னர்ச் சேர்க்கப்பட்டது. காக்ளியர் கருவி எனப்படும் இவ்வகைச் சாதனம் இன்று தமிழ்நாட்டிலும் அரசின் மருத்துவக் காப்பீட்டின் துணையோடு குழந்தைகளுக்குப் பொருத்தப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் வரைந்த கரும்பட்டைகள், ஒரு குழந்தை தன் தாயின் குரலில் சொற்களைப் பிரித்தறிய உதவும் வழியாயின.

கருவி இல்லாதவர்க்கும் இயற்கை ஒரு துணை வைத்துள்ளது. பழுதுற்ற செவி மயங்கும் அதே ஈ - ஊ இணையைக் கண் மிக எளிதாகப் பிரித்துவிடுகிறது. 'ஈ'க்கு இதழ் விரிகிறது, 'ஊ'வுக்குக் குவிகிறது. செவி விட்டதைக் கண் பற்றிக்கொள்கிறது. ஆனால் அதற்குப் பேசுவோர் முகம் தெரிய வேண்டும். கரும்பலகையை நோக்கி எழுதிக்கொண்டே பேசும்போது இதழ் மறைகிறது. அதனோடு, வாயின் முன்பக்கமாகவே வலுவாகச் செல்லும் உயர் அதிர்வெண்களும் பின்னிருக்கும் மாணவரை மெலிந்தே அடைகின்றன. எழுதி முடித்துத் திரும்பி நின்று சொன்னால் இரண்டும் கிடைக்கும்.

முடிவுரை

உயிரொலிக்குரிய அடையாளம் ஒன்றன்று, பல. முதற் செறிவும் இரண்டாம் செறிவும் தலைமைச் சான்றுகள். கால அளவு, அசைவு, சுருதி, முன்சென்ற பேச்சு, முகம் ஆகியவை துணைச் சான்றுகள். இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை. ஒன்றோடொன்று கொண்ட உறவைக் கொண்டே செவி உயிரை அறிகிறது. ஆதலால்தான் தந்தை சொன்ன 'ஈ'யும் குழந்தை சொன்ன 'ஈ'யும் நமக்கு ஒன்றாகின்றன. ஒரு சான்று கெட்டவிடத்து மற்றொன்று தோள் கொடுக்கிறது.

நம் கல்லூரியில் கடைசி வரிசையில் அமர்ந்து, சொன்னதைத் திரும்பக் கேட்கும் நண்பரை மந்தமானவர் என முடிவு செய்யுமுன், அவருக்கு 'ஈ'யும் 'ஊ'வும் ஒன்றாகக் கேட்கின்றனவோ என ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. குரலை உயர்த்த வேண்டா. முகத்தை அவர் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் நின்று, வாயை மறைக்காமல், சற்று நிதானமாகச் சொல்வோம். ஒலியியல் நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் செலவில்லாததும் இன்றே செய்யத்தக்கதும் இதுவேயாம்.